ஒரு கருப்பட்டி எடை ராசா

முன்னொரு காலத்தில், எதையும் தராசில் வைத்துப் பார்த்த பிறகே நம்புகிற ஒரு ராசா இருந்தார். பெயர் மகரபூஷணன். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ராசாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்தாரே தவிர, ஆள் பாதியாகிவிட்டார். மணிக்கட்டில் நின்ற கங்கணம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருவரையும் உட்கார வைக்கலாம் போல இடம் மிச்சமிருந்தது. உயிர் தப்பியதற்குச் சந்தோஷப்படாமல் ராசா வேறொன்றுக்குக் கவலைப்பட்டார். அந்த நாட்டு வழக்கப்படி, அவருடைய பிறந்த நட்சத்திரத்தன்று கோயில் வாசலில் துலாபாரம் நடக்கும். ஒரு தட்டில் ராசா, மறு தட்டில் கருப்பட்டி. எடை சரியாக நின்றதும் அந்தக் கருப்பட்டியை ஊருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். போன வருடம் வீட்டுக்கு வீடு கொடுத்தவர் இந்த வருடம் தெருவுக்கு ஒன்று கொடுத்தால் ஊர் சிரிக்காதா?

அரண்மனை வைத்தியர் சிற்றம்பலம் வழி சொன்னார். "தேற்றான்கொட்டை லேகியம் கிண்டிக் கொடுக்கிறேன், மகாராசா. பாலும் நெய்யும் கருப்பட்டியும் திப்பிலியும் சேர்ந்தது. உண்டால் உடம்பு தேறும்."

ராசா உடனே மனக்கணக்குப் போட்டார். லேகியம் எவ்வளவு எடை உள்ளே போகிறதோ அவ்வளவு எடை நாம் கூடுவோம் என்பது அவருடைய கணக்கு. அதனால் ஓர் ஆணையும் போட்டார். கொப்பரையில் ஏறுவதெல்லாம் எடை போட்டு ஏற வேண்டும், இறங்குவதும் எடை போட்டு இறங்க வேண்டும், ஒரு துளி குறைந்தாலும் அது ராசாவின் சதையைத் திருடியதாகும், திருடிய கை இருக்காது.

மந்திரி சூரப்பர் இந்த ஆணையைக் கேட்டதும் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியரும் மந்திரியைப் பார்த்தார். இருவர் நெஞ்சிலும் வெகுநாளாய் ஒரே முள் தைத்திருந்தது. அந்த முள்ளின் பெயர் சடையாண்டி.

சடையாண்டி சபையில் விகடகவி. மந்திரி ஒரு பொழுது முழுக்கப் பேசியும் அசையாத ராசா, சடையாண்டி வாயைத் திறந்தால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். வைத்தியர் வேப்பங்கஷாயத்தோடு சபைக்குள் வந்தால், "காய்ச்சலே பயந்து ஓடுது, நாம எம்மாத்திரம்" என்று சடையாண்டி தூணுக்குப் பின்னால் ஒளிவான். சபையே சிரிக்கும். சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். வைத்தியர் மறக்கவில்லை.

லேகியம் கிண்ட வைத்தியர் கேட்டு அனுப்பியது சடையாண்டியின் மனைவி பூவாயியை. நெய் பிரிகிற பதம் பார்த்துக் கிண்டுவதில் அவளுக்கு ஊரில் நல்ல பெயர். சடையாண்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. நம்மைக் கண்டால் ஆகாத மனிதர் நம் வீட்டுக்காரியைப் பாராட்டுகிறாரே, ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பாராட்டு காதில் விழும்போது எவன் யோசிக்கிறான்?

பூவாயி கிண்டினாள். கொப்பரையில் குடம் குடமாய்ப் பால் ஏறியது. சேவகர்கள் ஒவ்வொன்றையும் நிறுத்து ஊற்றினார்கள். பால் கொதித்தது, சுண்டியது, திரண்டது. லேகியம் கறுத்து மினுங்கி, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்தது. பதம் என்றால் அப்படி ஒரு பதம். இறக்கித் தராசில் வைத்தார்கள். ஏறியதில் பாதிகூட இறங்கவில்லை.

பூவாயியின் கைகளைக் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"மீதி எங்கே?" என்றார் ராசா.

"பாலு சுண்டிப் போச்சு, மகாராசா," என்றாள் அவள். "அடுப்புல வச்சா ஆவியாப் போகும்தானே? எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான்."

மந்திரி சூரப்பர் முன்னால் வந்தார். "மன்னர் மன்னா, எடையுள்ள பொருள் எதுவானாலும் கீழே விழும். கல் விழுகிறது, காய் விழுகிறது, நீர் விழுகிறது. ஆவியோ மேலே போகிறது. மேலே போவதற்கு எடை ஏது? எடையே இல்லாத ஒன்று எப்படி இத்தனை எடையைச் சுமந்து போகும்? இவள் நம்மைக் குழந்தைகள் என்று நினைக்கிறாள்."

ராசா வைத்தியரைப் பார்த்தார். பால் சுண்டும் என்பது தெரியாத வைத்தியர் உலகத்தில் உண்டா? சிற்றம்பலம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என் கையால் கிண்டியபோதெல்லாம் இப்படிக் குறைந்ததில்லை, மகாராசா."

சடையாண்டி துள்ளி எழுந்தான். "மகாராசா, வைத்தியர் கிண்டும்போது குறையாது. அடுப்புப் பற்ற வைக்கவே அவருக்கு நல்ல நேரம் வர வேண்டுமே!"

யாரும் சிரிக்கவில்லை. ராசாவின் முகமும் இளகவில்லை. அந்தச் சபையில் சடையாண்டி சொல்லி, சிரிப்பு வராமல் போனது அதுதான் முதல் தடவை.

"உன் மனைவி சொல்வது மெய்யானால், அந்த ஆவியைக் கொண்டுவந்து தராசில் வை," என்றார் ராசா. "அதற்கும் எடை உண்டு என்று நாம் கண்ணால் காண வேண்டும். துலாபாரம் முடியும்வரை தவணை. அன்றைக்கும் காட்டாவிட்டால் இவள் இரு கைகளும் இருக்காது."

போன ஆவியை எங்கே போய்ப் பிடிப்பது? சடையாண்டி பானையை மூடிக் காய்ச்சிப் பார்த்தான்; மூடி எகிறி விட்டத்தில் இடித்தது. தோல்பையில் பிடித்துப் பார்த்தான். பை நனைந்ததுதான் மிச்சம். அந்த ஈரத்தைக் காட்டினால் மந்திரி விடுவாரா? தண்ணீரை ஊற்றி எடுத்து வந்திருக்கிறான் என்பார். ஊரையே சிரிக்க வைத்தவன் சோறு இறங்காமல் அலைந்தான்.

மனம் கேட்காமல், பூவாயியை அடைத்திருந்த சிறைக்குப் போனான். உச்சிவெயில். ஜன்னல் இல்லாத அறை. பூவாயி முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைகளில் இன்னும் நெய்யும் திப்பிலியும் மணத்தன.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் முதலில்.

அவனுக்கு அழுகை முட்டியது. "உன் கையை எப்படியாவது..." என்று ஆரம்பித்தவனால் முடிக்க முடியவில்லை.

"அழாதீங்க. நீங்க அழுதா எனக்குப் பயமாயிருக்கு." அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் புழுக்கத்துல உக்காந்தே நான் பாதியாப் போயிட்டேன். அந்தப் பாலு மாதிரி நானும் சுண்டிட்டேன் போங்க."

சடையாண்டி அவளையே பார்த்தான். ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. "என்ன சொன்ன?"

"சுண்டிட்டேன்னேன். ஏன்?"

அவன் எழுந்து ஓடினான். பாவம் மனுசனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று காவலாளியும் பூவாயியும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

துலாபாரத்தன்று கோயில் வாசலில் எள் போட்டால் எள் விழாது. பெரிய துலாக்கோலுக்கு விளக்கெண்ணெய் இட்டு, நடுமுள்ளைத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு கைப்பிடி அரிசிக்கும் அசையும் தராசு அது. ராசா வந்தார். எடை காட்ட வேண்டுமே என்று பட்டின் மேல் பட்டு, அதன் மேல் சரிகைப் போர்வை, கழுத்து கொள்ளாத ஆரங்கள். போதாததற்கு வைத்தியர் கடைசி நேரத்தில் ஓர் உருண்டை லேகியமும் ஒரு செம்பு நிறையச் சுடச்சுடத் திப்பிலிப் பாலும் கொடுத்து ஏற்றியிருந்தார். கிடைத்தவரைக்கும் லாபம் என்று ராசா கடகடவென்று குடித்துவிட்டுத் தட்டில் ஏறினார்.

மறு தட்டில் கருப்பட்டி அடுக்கினார்கள். முள் நேராக நின்றது. மணி அடித்தது. ஒரு பக்கம் மந்திரி சூரப்பர், மறு பக்கம் வைத்தியர் சிற்றம்பலம். கொஞ்சம் தள்ளி, கட்டிய கைகளோடு பூவாயி. அவளுக்குப் பின்னால் அரிவாளோடு ஒருவன் நின்றான்.

ராசா இறங்கக் காலை எடுத்தார்.

"மகாராசா, வழக்கு!" என்று கத்தினான் சடையாண்டி.

கூட்டம் அடங்கியது. அந்த நாட்டில் ஒரு பழைய முறை உண்டு. துலாபாரத் தட்டில் இருக்கும் ராசாவிடம் எவன் வழக்குச் சொன்னாலும் கேட்டுத் தீர்க்க வேண்டும். தீரும்வரை ராசா இறங்கக் கூடாது. எந்தத் தட்டிலும் ஒரு பொருளை வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது, ராசாவை யாரும் தொடவும் கூடாது. எடை சரியாக நிற்கும்போது நியாயமும் சரியாக நிற்கும் என்று முன்னோர் வைத்த முறை. வெயிலில் ராசாவை உட்கார வைக்க எவனுக்கும் துணிச்சல் இல்லாததால் வெகுகாலமாக யாரும் கேட்டதில்லை.

ராசா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "சொல். சுருக்கமாகச் சொல்."

சடையாண்டி வணங்கிவிட்டு ஆரம்பித்தான். "தேற்றான்கொட்டையைப் பாலில் அவித்துத் தோல் நீக்க வேண்டும், மகாராசா. அதற்கு முன் நல்ல கொட்டையாகப் பொறுக்க வேண்டும். பொறுக்குவதற்கு முறம் வேண்டும். அந்த முறம் என் மாமியார் கொடுத்தது..."

முறத்தின் கதை முடிவதற்கே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சடையாண்டி பேசிக்கொண்டே இருந்தான். கண் மட்டும் தராசு முள்ளை விட்டு நகரவில்லை. முள் நட்டு வைத்த மாதிரி நின்றது. வெயில் சாயும்வரை அசையாவிட்டால் என்ன செய்வது?

ராசாவின் நெற்றியில் முதலில் நான்கைந்து முத்துகள் அரும்பின. திப்பிலி உள்ளே வேலை செய்தது, பட்டு வெளியே வேலை செய்தது. பிறகு காதோரம் ஒழுகியது. சாமரக்காரர்கள் வேகமாக வீசினார்கள். நல்லது, இன்னும் வீசுங்கள் என்று சடையாண்டி மனதுக்குள் கும்பிட்டான்.

அப்போது ஒரு காக்கை கருப்பட்டித் தட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. தட்டு ஆடியது. சடையாண்டிக்கு உயிர் போய் வந்தது. ஒரு கருப்பட்டியை அது தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் போயிற்று. சூ, சூ என்று கூட்டம் விரட்ட, காக்கை அலகை மட்டும் தீட்டிவிட்டுப் பறந்தது.

"பிறகு?" என்றார் ராசா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பிறகு பால், மகாராசா. எந்த மாட்டுப் பால் என்றால்..."

"மன்னா, இவன் வேண்டுமென்றே பொழுதைப் போக்குகிறான்!" என்று மந்திரி சீறினார்.

"நம் நா வறள்கிறது, சடையாண்டி," என்றார் ராசா. குரல் தாழ்ந்திருந்தது. அவர் குரல் தாழ்ந்தால் யாருக்கோ கேடு என்று சபைக்குத் தெரியும். "வழக்கில் சாரம் இல்லையென்றால் அவள் கையோடு உன் நாக்கும் போகும்."

"சம்மதம், மகாராசா," என்றான் சடையாண்டி. அவன் நாக்கும் வறண்டுதான் இருந்தது. பூவாயி வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

வைத்தியர் சிற்றம்பலம் அதுவரை சும்மா நின்றார். அவருடைய கண்ணும் இப்போது முள்ளின் மேல் போனது. அங்கிருந்து ராசாவின் நெற்றிக்குப் போனது. அங்கிருந்து சடையாண்டியின் முகத்துக்கு வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. சட்டென்று ஒரு சேவகனிடமிருந்து செம்பைப் பிடுங்கி ராசாவின் பக்கம் நீட்டினார்.

"மகாராசா, இதைப் பருகுங்கள்! வியர்வையில் உடம்பு குறைந்துகொண்டே போகிறது. போனதை நிரப்பாவிட்டால் இத்தனை நாள் ஏற்றியதும் வீண்!"

ராசா கை நீட்டினார்.

"தொடாதீர்கள்!" சடையாண்டி போட்ட சத்தத்தில் சாமரம் நின்றது. ராசாவைப் பார்த்து அப்படிக் கத்தியவன் அதுவரை பிறக்கவில்லை. "தட்டில் ஒரு துளியும் ஏறக்கூடாது. முன்னோர் முறை, மகாராசா!"

ராசாவின் கை பாதியில் நின்றது. தண்ணீரைப் பார்த்தார். முறையை நினைத்தார். கையை மடக்கிக்கொண்டார். அவர் பார்த்த பார்வையில் சடையாண்டி பொசுங்கியிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் முள் அசைந்தது. கருப்பட்டித் தட்டு மெல்லக் கீழே வந்தது. ராசா ஒரு சாண் மேலே போனார்.

சடையாண்டி பேச்சை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் விழுந்தான். "ஐயோ, திருட்டு! பட்டப்பகலில் திருட்டு! எங்கள் ராசாவைத் திருடிவிட்டார்கள்!"

"என்ன உளறுகிறாய்?"

"முள்ளைப் பாருங்கள், மகாராசா! ஏறும்போது எடை சரியாக நின்றது, ஊரே பார்த்தது. இப்போது தாங்கள் குறைந்திருக்கிறீர்கள். கருப்பட்டித் தட்டில் யாரும் எதையும் வைக்கவில்லை. உங்கள் தட்டிலிருந்துதான் போயிருக்கிறது. ஆரம் அப்படியே இருக்கிறது, போர்வை அப்படியே இருக்கிறது. போனது ராசாதான்! எடை ஒரு துளி குறைந்தாலும் அது திருட்டு என்பது தங்கள் ஆணை. பக்கத்தில் நின்றவர்கள் இந்த இரண்டு பேர். மடியை அவிழ்த்துத் தேடச் சொல்லுங்கள்!"

அரிவாளோடு நின்றவன் பழக்கத்தில் இரண்டடி மந்திரியின் பக்கம் வந்துவிட்டான். சூரப்பர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"மன்னா, நான் தொடவே இல்லை! வியர்வை... வியர்வை காய்ந்து காற்றோடு போயிருக்கிறது! ஆவியாகப் போயிருக்கிறது!"

"ஆவிக்குத்தான் எடையே இல்லையே, மந்திரியாரே," என்றான் சடையாண்டி, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு. "மேலே போவதற்கு எடை ஏது என்று சபை நடுவில் சொன்னீர்களே. எடையில்லாத ஆவி எப்படி ராசாவைச் சுமந்து போகும்? எங்களைக் குழந்தைகள் என்று நினைத்தீரா?"

மந்திரி அரிவாளை விட்டு இரண்டடி பின்வாங்கினார். எடை உண்டு என்றால் பூவாயி கை பிழைக்கும். இல்லை என்றால் அவர் கை போகும்.

"மகாராசா," சடையாண்டி இப்போது கைகூப்பினான். "ஆவியைத் தராசில் வைக்கச் சொன்னீர்கள். என்னால் பிடிக்க முடியவில்லை. அதனால் கொப்பரையையே தராசில் வைத்தேன். மன்னிக்க வேண்டும், அந்தக் கொப்பரை தாங்கள்தான். அடுப்பே இல்லாமல் ஒரு வழக்குக் கேட்கிற நேரத்தில் தங்களில் இவ்வளவு போயிற்றென்றால், கீழே தீ எரிய எரியக் கொதித்த பாலில் எவ்வளவு போயிருக்கும்?"

ராசா முள்ளைப் பார்த்தார். மெல்ல வைத்தியரின் பக்கம் திரும்பினார். "உமது கையால் கிண்டினால் குறையாது என்றீர். இப்போது நாம் குறைகிறோம் என்று தண்ணீர் நீட்டினீர். வேர்த்தால் எடை போகும் என்று தெரிந்தவருக்குக் கொதித்தால் போகும் என்று தெரியாதா?"

சிற்றம்பலத்தின் கையிலிருந்த செம்பு நழுவி உருண்டது.

ராசா கையை அசைக்க, ஒரு சேவகன் மறு தட்டிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்தான். முள் நேராக வந்து நின்றது. ராசா அந்தக் கருப்பட்டியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார்.

"இது நாமா?" என்றார்.

"தாங்களேதான், மகாராசா. ஆனால் தங்களைவிடக் கொஞ்சம் இனிப்பு," என்றான் சடையாண்டி.

முதலில் ராசாவின் தோள் குலுங்கியது. பிறகு ஆரங்கள் குலுங்கின. பிறகு தராசே குலுங்கும்படி ராசா சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு. ஊர் மொத்தமும் சேர்ந்துகொண்டது. தட்டிலிருந்து இறங்கியவர் முதல் வேலையாக அந்தச் செம்பை நிரப்பச் சொல்லி ஒரே மூச்சில் குடித்தார்.

"அடுத்த கொப்பரையை நீங்கள் இருவரும் கிண்டுங்கள்," என்றார் மந்திரியையும் வைத்தியரையும் பார்த்து. "விசிறி கிடையாது. ஏறும்போதும் எடை, இறங்கும்போதும் எடை. கொப்பரைக்கு அல்ல, உங்களுக்கு."

பூவாயியின் கட்டை ராசாவே நின்று அவிழ்க்கச் சொன்னார். நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த தன் பொற்கங்கணத்தைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். "நம் கையில் இது நிற்கவில்லை, தாயே. நாம் வெட்டச் சொன்ன கையில் நிற்கட்டும்." சடையாண்டிக்குப் பட்டும், சபையில் மந்திரியின் ஆசனத்துக்கு முன்னால் ஓர் ஆசனமும் கிடைத்தன. அந்தக் கருப்பட்டியையும் அவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் பூவாயி அதைத் தட்டிப் போட்டு, சுக்கும் இடித்துப் போட்டு, ஒரு செம்புத் தண்ணீர் கொதிக்க வைத்தாள். அலைந்த அலைச்சலுக்கு நன்றாகவே கொதிக்க விட்டாள். டம்ளரை வாங்கிய சடையாண்டி பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டான்: "ஒரு செம்பு வச்சியே, இவ்வளவுதான் இருக்கு. மீதி எங்க?"

பூவாயி கரண்டியோடு திரும்பினாள். ஒரு கணம் அவனை முறைத்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் தேம்பி அழத் தொடங்கினாள். சடையாண்டிக்குச் சொல்ல ஒரு விகடமும் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நெய்யும் திப்பிலியும் மணத்த அந்த இரண்டு கைகளையும் தன் கைகளில் வாங்கி, அவற்றின் கனம் தெரிய வெகுநேரம் வைத்திருந்தான்.